எங்கள் ஆபீஸ் வீட்டுக்காரர்

யாரிடமும் அனுமதி கேட்காமல், அதே சமயம் யாருக்கும் தூசு அளவு தொந்தரவும் கொடுக்காமல் வேலை பார்த்த மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் திருத்தணியில், அரக்கோணம் சாலையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், எனக்கு எதிர் நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் அச்சாகி வரும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் வீட்டுக்காரர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் என் வீட்டுக்காரர் இல்லை. எனக்குச் சட்டப்படி வேறொருவர் இருக்கிறார். இவர் ஆபீஸ் வீட்டுக்காரர். இந்தக் குழப்பத்தில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன மென்பொருள் கம்பெனி. தலைமை அலுவலகம் சென்னையில். திருத்தணிக் கிளையில் நாங்கள் எட்டுப் பேர். கோயில் ஊர்களில் இருக்கும் லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. எட்டுப் பேரும் சென்னைக்காரர்களும் ஒரே ஒரு சர்வரில்தான் வேலை செய்ய வேண்டும். அந்த சர்வரின் சாவி, அதாவது அட்மின் பாஸ்வேர்டு, சென்னையில் இருக்கும் சிஸ்டம் அட்மினிடம்தான் இருக்கும்.

நான் சேர்ந்த முதல் நாள், படங்களின் அளவைக் குறைக்கும் ஒரு சின்னக் கருவி தேவைப்பட்டது. மேனேஜரிடம் கேட்டேன்.

"ஃபார்ம் ரொப்பி சென்னைக்கு அனுப்பிடும்மா. நாலஞ்சு நாள்ல போட்டுத் தருவாங்க."

அந்த நாலைந்து நாளும் நான் என்ன செய்வது என்று மேனேஜர் சொல்லவில்லை. நான் முழித்துக்கொண்டு நின்றபோது எதிர் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா ஃபார்மு? வூட்ல வெச்சிக்கோயேன்."

"எங்க வூட்ல கம்ப்யூட்டர் இல்லைங்க சார்."

"உங்க வூட்ட யாரும்மா கேட்டாங்க? இதுக்குள்ள கீற வூடு" என்று என் திரையைக் காட்டினார்.

வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரே சர்வரைப் பலர் பயன்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் அதில் தனியாக ஓர் இடம் இருக்கும். அதற்கு ஹோம் டைரக்டரி என்று பெயர். அதற்குள் நாம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், உடைக்கலாம், அழிக்கலாம். கேட்க ஆளில்லை. அதற்கு வெளியே இருப்பது பொது இடம். அங்கே ஒரு மென்பொருளைப் போட்டால் எல்லாருக்கும் கிடைக்கும். ஆனால் போடுவதற்கு அட்மின் வேண்டும். போட்டது கோளாறானால் எல்லாருக்கும் கோளாறாகும். உலகத்தில் பாதிப் பேர் பொதுவில் போட்டுத் தரும் வரை காத்திருப்பவர்கள். மீதிப் பேர் அட்மினோடு சண்டை போடுபவர்கள். எங்கள் ஆள் மட்டும் எல்லாவற்றையும் தன் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே போட்டுக்கொள்வார். அதனால்தான் வீட்டுக்காரர்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். அன்று காலை பத்து மணிக்கு அந்தச் சின்னக் கருவியின் மூல நிரலை இறக்கி, "நீ இருக்க வேண்டிய இடம் இதுதான்" என்று அதற்கு என் ஹோம் டைரக்டரியின் முகவரியைக் கொடுத்து, ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்ட ஆரம்பித்தோம். அது இன்னொரு மென்பொருள் இருந்தால்தான் வருவேன் என்றது. அதை இறக்கினோம். அது வேறு ஒன்றைக் கேட்டது. மாப்பிள்ளை ஒருவரைத்தான் அழைத்தோம். சித்தப்பா, பெரியப்பா, நாத்தனார், நாத்தனாரின் மாமியார் என்று மத்தியானத்துக்குள் ஏழு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொருவருக்கும் இடம் போட்டு உட்கார வைத்தார்.

"இவ்ளோ வேலைக்கு ஃபார்மே ரொப்பியிருக்கலாமே சார்."

"ரொப்பினா அவங்க பொதுவுல போடுவாங்க. அதால யசோதாவோட வேல ஒடைஞ்சிட்டா?"

யசோதா பக்கத்து நாற்காலி. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வருபவள். என்னைவிட ஒரு வருடம் மூத்த ஊழியர்.

"அதெல்லாம் ஒடையாது சார்" என்றேன்.

"ஒடையாதுன்னு நெனச்சிதாம்மா எல்லாரும் போடறாங்க" என்றார். சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து நானும் மற்றவர்களைப் போல ஃபார்முக்கே திரும்பிவிட்டேன்.

பொது என்று பெயர் வைத்த எதன் மேலும் அவர் கை படாது. ஆபீஸ் சுவரில் ஓர் ஆணி அடிக்க மாட்டார். தன் நாள்காட்டியைத் தன்னுடைய மேஜை இழுப்பறைக்குள் ஒட்டி வைத்திருந்தார். இன்று என்ன தேதி என்று கேட்டால் இழுப்பறையை இழுத்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார். ஃபேன் சமாச்சாரம் இதைவிட மோசம். எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக மேலே ஒரு ஃபேன். அதை யசோதா ஐந்தில் வைத்திருப்பாள். திருத்தணி வெயிலுக்கு ஆறு ஏழு இருந்தால் அதிலும் வைத்திருப்பாள். வீட்டுக்காரருக்கோ காற்றுப் பட்டால் சளி பிடிக்கும். ரெகுலேட்டர் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொட மாட்டார். மே மாதத்தில், ஊரே வெந்துகொண்டிருக்கும்போது, குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ஆந்திராவிலிருந்து வந்த லாட்ஜ் முதலாளி ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, "பாவம், இவருக்கு லீவு கொடுக்க மாட்டீங்களா" என்று மேனேஜரைக் கடிந்துகொண்டார்.

"கொறைச்சி வெச்சிக்கக் கூடாதா சார்?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"மூணு பேரு காத்தும்மா அது" என்றார் குல்லாய்க்குள்ளிருந்து.

இனி என் கல்யாணக் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது பொதட்டூர்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்யும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, நைனா மூவரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நைனா திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தைச் சமாளித்தவர், மூன்று பேருக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். நான் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு நிமிரும்போது என் போன் அடித்தது. யசோதா. ஏதோ ஓடவில்லையாம், அவசரமாம். ஓரமாகப் போய்ப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று பேசினேன்.

"வீட்டுக்காரர் போன் எடுக்கலையா? ஞாயித்துக்கிழமைன்னா அவரு தூங்கிகினுதான் இருப்பாரு. எனக்குத் தெரியாதா, மூணு வருஷமா பாத்துகினு இருக்கேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே இருந்தார். எங்கள் நைனா நிலைமையைச் சரிசெய்யக் கிளம்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அது ஆபீஸ் வீட்டுக்காரருங்க."

"ஓகோ, ஆபீசுக்குன்னு தனியா ஒருத்தரா?" என்றார் அந்த அம்மா.

அதற்கு மேல் நைனா விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பி அழைத்துவந்து எல்லாருக்கும் எதிரில் நிறுத்தினார். ஐம்பதைத் தாண்டிய வயது, பாதி வழுக்கை, அவசரத்தில் மாற்றிப் போட்ட பித்தான். அவரைப் பார்த்ததும் பஜ்ஜி வாய்க்குள் போனது. இருந்தாலும் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. அது வந்தவர்களுக்குப் போட்டதாம். தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு ஹோம் டைரக்டரி என்றால் என்னவென்று முக்கால் மணி நேரம் விளக்கினார். பெண் பார்க்க வந்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் நைனா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெரிய ஷெட்டுல தறி போட்டா, ஒரு மோட்டாரு போனா அத்தினி பேரு தறியும் நிக்கும். வூட்டுத் தறின்னா நம்ம நூலு அறுந்தா நம்மளோட போச்சி. அதான நீங்க சொல்றது?"

"ஆங், அதேதாங்க" என்றார் வீட்டுக்காரர். ஆறு வருடத்தில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். எங்கள் ஆபீசில் மற்ற ஏழு பேருக்கும் புரியாததை ஒரு தறிக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே.

இவ்வளவு நல்ல மனிதரோடு வேலை பார்க்கும் பெண் நல்லவளாகத்தான் இருப்பாள் என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவு செய்தார்கள். கல்யாணம் நடந்தது. என் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுகிறேன். வீட்டுக்காரர் என்ற சொல் ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டதில் அவருக்கு இன்றுவரை கொஞ்சம் வருத்தம் உண்டு.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத நாள் ஒன்று வந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. காவடிகள் வர ஆரம்பித்துவிட்டன. பாத்திரக் கடைக்காரர் கடைக்குள் நுழைய வழியில்லாமல் எங்கள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஒரு லாட்ஜிலிருந்து மேனேஜருக்கு போன். ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறது எங்கள் மென்பொருள். இரண்டு குடும்பமும் குழந்தைகளோடு கவுண்டரில் நிற்கிறது. அந்த போனை வைப்பதற்குள் இன்னொரு லாட்ஜ். பத்து மணிக்குள் ஐந்து லாட்ஜ்.

அறை ஒதுக்கும் பகுதியை முந்தின வாரம் மாற்றி எழுதியது நான்தான்.

"யாருப்பா இத எழுதினது?" என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "அத அப்பறம் பேசிக்கலாங்க. மொதல்ல சரி பண்ணலாம். ஜனங்க நின்னுகினு இருக்காங்க."

உட்கார்ந்து கணினியைத் திறந்தால் யாருடையதும் ஓடவில்லை. நாங்கள் எழுதுகிற மொழியின் புதிய பதிப்பை முந்தின நாள்தான் சென்னையிலிருந்து பொதுவில் போட்டிருந்தார்கள். பழையதை எடுத்துவிட்டார்கள். எங்கள் நிரல்களுக்குப் பழையதுதான் வேண்டும். எட்டில் ஏழு திரைகளில் ஒரே பிழைச் செய்தி. அட்மினுக்கு போன் போட்டோம். அவருடைய ஊர் அம்மன் கோயிலில் அன்று கூழ் ஊற்றும் திருவிழா. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்காரரின் திரையில் மட்டும் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய பதிப்பு அவருடைய வீட்டில் பத்திரமாக இருந்தது.

மேனேஜர் இரும்பு அலமாரியைத் திறந்து, அரக்கு வைத்த ஓர் உறையை எடுத்து வந்தார். அவசரத்துக்கென்று தலைமை அலுவலகம் கொடுத்து வைத்திருந்த அட்மின் பாஸ்வேர்டு.

"பழசப் பொதுவுல திருப்பிப் போட்டுடுங்க சார். உங்களுக்குப் பத்து நிமிஷ வேல."

வீட்டுக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாங்க. சென்னை ஆளுங்களும் அதே சர்வர்லதான் கீறாங்க. அவங்களுக்குப் புதுசு வேணும்னுதான போட்ருக்காங்க? நாம மாத்தினா அவங்க வேல நிக்கும்."

"இங்க நம்ம வேல நிக்குதே. ஒரு நாளைக்குத்தான சார்?"

"நான் ஒரு வாட்டி போட்டேங்க. போதும்."

மேனேஜர் உறையை நீட்டியபடியே நின்றார். நான் அழுதுவிட்டேன். சத்தம் போட்டு இல்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார். குல்லாயைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் ஒருத்தனா உக்காந்து சரி பண்ணா நாளைக்கு ஆயிடும். எல்லாரும் சேந்து பண்ணா மத்தியானம் முடிஞ்சிடும். என் வூட்டத் தொறந்து வுட்டுடறேன். எல்லாரும் அங்க வந்துடுங்க."

ஹோம் டைரக்டரி சாதாரணமாகப் பூட்டித்தான் இருக்கும். மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. உரிமையாளர் ஒரு வரி எழுதினால் திறக்கும். அந்த ஒரு வரியை அவர் தட்டினார். கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தார். பிறகு என்டரை அழுத்தினார். நாங்கள் ஆளுக்கொரு வரியை எங்கள் அமைப்பில் சேர்த்தோம். எது வேண்டுமென்றாலும் முதலில் அவருடைய வீட்டில் தேடு என்பது அதன் பொருள். யசோதாவின் திரை உயிர் பெற்றது. அடுத்து என்னுடையது. பிறகு வரிசையாக எல்லாம்.

உள்ளே போனபோதுதான் அதைப் பார்த்தேன். அவருடைய டைரக்டரிக்குள் புவனா என்று என் பெயரில் ஒரு ஃபோல்டர். திறந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஃபார்ம் எழுதிச் சென்னைக்கு அனுப்பிக் காத்திருந்த கருவிகள் ஒவ்வொன்றும் அதில் கட்டி முடித்துத் தயாராக இருந்தன. கூடவே ஒரு குறிப்பு. 'புவனாவுக்கு. சென்னையில் போட்டுத் தந்துவிட்டால் இதை அழித்துவிடலாம். அவராகக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.' பக்கத்தில் யசோதா பெயரில் ஒன்று. மற்றவர்கள் பெயரில் ஒவ்வொன்று. மேனேஜர் பெயரில்கூட ஒன்று இருந்தது. ஃபார்ம் எழுதி அனுப்பிவிட்டு நாங்கள் டீக்கடைக்குப் போன நாட்களிலெல்லாம் இந்த மனிதர் இங்கே உட்கார்ந்து எங்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் சார் சொல்லவே இல்ல?"

"கேக்காத வந்து குடுத்தா அது தொந்தரவும்மா" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ அந்த மூணாவது வரியப் பாரு."

தப்பு மூன்றாவது வரியில்தான் இருந்தது. ஆனால் அதைத் திருத்தினால் ஐந்து இடத்தில் வேறு மாற்ற வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். மதியம் யாரும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத் திருத்தம் தயார். நான்கு மணிக்கு எல்லா லாட்ஜுக்கும் போய்ச் சேர்ந்தது. நின்றுகொண்டிருந்த குடும்பங்களுக்கு வேறு அறைகள் கிடைத்தன. கடைசியாக ஒரு குடும்பம் மட்டும் மிச்சம். லாட்ஜ் முதலாளி அவர்களைத் தன் வீட்டு மாடியிலேயே தங்க வைத்துவிட்டார். அரக்கு வைத்த உறை பிரிக்கப்படாமலே அலமாரிக்குத் திரும்பியது. இதை எழுதியது நான்தான் என்று மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "அடுத்த வாட்டி யசோதாகிட்ட ஒரு தரம் காட்டிட்டு அனுப்பும்மா" என்பதோடு விட்டுவிட்டார்.

டீ வந்த பிறகு வீட்டுக்காரர் அவராகவே பேசினார்.

பல வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஓர் ஆபீசில் வேலை. அங்கே பாஸ்வேர்டு எல்லாரிடமும் இருந்திருக்கிறது. தன் வேலைக்கென்று ஒரு மென்பொருளைப் பொதுவில் மாற்றிப் போட்டுவிட்டு, அக்கா வீட்டு விசேஷத்துக்காக நான்கு நாள் லீவில் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் மொத்த ஆபீசும் நின்றுபோயிற்று. பக்கத்து இருக்கைக்காரர்தான் எதையோ நோண்டிவிட்டார் என்று அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் திரும்பி வந்து, செய்தது நான் என்று சொன்னார். அனுப்பினது அனுப்பினதுதான் என்றார்கள். இவரும் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

"அவரப் பாத்து சொல்லலையா சார்?" என்றாள் யசோதா.

"எந்த மூஞ்ச வெச்சிகினும்மா போறது?"

கிருத்திகை முடிந்தது. அட்மினும் திருவிழா முடிந்து வந்து, புதியதற்குப் பக்கத்தில் பழைய பதிப்பையும் வைத்துக் கொடுத்தார். ஆனால் நாங்கள் யாரும் அந்த ஒரு வரியை எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் வீட்டில் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஏன் வெளியே வர வேண்டும்?

சிக்கல் அவருக்குத்தான். இப்போது அவருடைய வீடே பொது இடமாகிவிட்டது. அதில் ஒன்றை அவர் மாற்றினால் ஏழு பேருக்கு உடையும். தன் வீட்டுக்குள் தானே எதையும் தொட முடியாமல் ஒரு வாரம் தவித்தார். பிறகு ஒருநாள் மேனேஜர் அறைக்குப் போய், தயங்கித் தயங்கி, ஒரு ஃபார்ம் கேட்டார். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். ஆறு வருடத்தில் அவர் எழுதிய முதலும் கடைசியுமான ஃபார்ம் அது. சர்வரில் தனக்கு இன்னொரு புதுக் கணக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அதாவது, நாங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று தன் வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். புது இடத்தில் ஒன்றுமே கிடையாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

"குடியிருக்கறவங்க இருக்கும்போது செவுத்த இடிக்கக் கூடாதும்மா" என்றார்.

யசோதாவுக்கு மட்டும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய பெயரையும் ஊரையும் பேச்சுவாக்கில் வாங்கிக்கொண்டு, ரயிலில் வரும் சிநேகிதிகள் மூலமாக விசாரித்து, இரண்டு மாதத்தில் ஒரு நம்பரைப் பிடித்துவிட்டாள். ஒரு மத்தியானம் அவளே போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வீட்டுக்காரருக்கு எதிரில் வைத்தாள். வீட்டுக்காரர் தன் பெயரைச் சொன்னார். அன்றுதான் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டோம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குரல். "அடப்பாவி, நீயா? எங்க போயிட்டப்பா?"

"அந்த வேல போனது..." என்று இவர் ஆரம்பித்தார்.

"எந்த வேல? அதுவா? அத வுட்டுத் தொலைக்கணும்னு நானே சாமிய வேண்டிகினு இருந்தேன்பா. இப்ப காஞ்சிபுரத்துல பேக்கரி வெச்சிருக்கேன். ரெண்டு பொண்ணுங்களுக்கும் கல்யாணம் ஆயிடுச்சி. நீ இன்னா பண்ணிகினு இருக்க?"

"எல்லாத்தையும் வூட்லயே வெச்சிக்கறேன்பா" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லதாப் போச்சி. ஒரு நாள் வா, பன்னு தரேன்."

போனை வைத்த பிறகு அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு யசோதாவைப் பார்த்து, "ஃபேன மூணுல வெச்சிக்கலாமாம்மா?" என்று கேட்டார். யசோதா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

மறு வருடம் புத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவுக்குக் காலில் ஆபரேஷன். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட்டார். கடைசி நாள் மாலை நாங்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டு வரை போனோம். ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்காமல் ஜன்னலைத் திறக்கவில்லை. அதனால் கண்ணாடி வழியாகத்தான் கையாட்டினார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோம். அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு போன். பழைய அட்மின் போய் வேறொருவர் வந்திருக்கிறார். சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். சர்வரைச் சுத்தம் செய்கிறாளாம். வேலையை விட்டுப் போனவர்களின் ஹோம் டைரக்டரிகளை அழித்துக்கொண்டு வருகிறாளாம். சம்பளப் பட்டியலில் அச்சாகி வந்த அந்தப் பெயரைப் படித்தாள்.

"இவரு போயி ரெண்டு வருஷம் ஆகுது போலிருக்கே மேடம். எடுத்துடட்டுமா?"

யசோதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா" என்றேன். "அவரு ஊருக்குப் போயிருக்காரு. வூட்ட நாங்க பாத்துக்கறோம்."